ஐஸ் மேக்கருக்குக் குழாய் இழுத்தல்: குற்றாலச் சான்றுகளுடன் ஓர் ஆராய்ச்சி

தானே ஐஸ் செய்துகொள்ளும் ஃபிரிட்ஜ் கேட்பவை இரண்டு: கால் இஞ்ச் டியூப், அதற்குள் தக்க அழுத்தம். முன்னது தென்காசியில் ஆர்.ஓ. மெஷின் கடையிலேயே கிடைக்கும். பின்னது கிடைக்காது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

கையேடுகள் பெரும்பாலும் 20 பி.எஸ்.ஐ.க்குக் குறையாத அழுத்தம் கேட்கின்றன. மொட்டைமாடித் தொட்டி இருக்கிறதே எனின், அற்றன்று. ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் ஒன்றரை பி.எஸ்.ஐ.கூடத் தராது. தொட்டிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நாலு மீட்டர் என்றால் ஆறைக்கூட எட்டாது. இருபதுக்குப் பதினாலு மீட்டர் வேண்டும். தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரம் அதற்குத் தாராளம். ஆனால் மேலே தொட்டி வைக்க அறநிலையத்துறை இசையாது.

அழுத்தம் குறைந்தால் ஐஸ் சிறுக்கும், அவ்வளவுதானே என்பர் ஒரு சாரார். அவர் வால்வைக் கழற்றிப் பார்த்திலர். ஃபிரிட்ஜின் பின்னால் உள்ள சோலனாய்டு வால்வைத் திறப்பதோடு கரண்டின் வேலை சரி. கரண்ட் நின்றதும் ரப்பர் சவ்வை அழுத்தி மூடுவதில் தண்ணீரின் சொந்த அழுத்தத்துக்குத்தான் பெரும்பங்கு. அது பத்தாவிட்டால் வாய் சரியாக மூடாது. சொட்டுச் சொட்டாய் இறங்கி, தட்டு வழிந்து, விடிவதற்குள் வஞ்சிர மீன் பொட்டலமும் ஐஸ் டப்பாவும் ஒரே பாறை.

இனி அருவிச் சான்று. குற்றாலப் பேரருவியின் உயரம் ஏறத்தாழ 60 மீட்டர். குழாயில் அடைத்தால் 85 பி.எஸ்.ஐ.; பல கையேடுகள் விதிக்கும் 120க்குள் அடக்கம். ஆனால் அருவி நேரே இறங்குவதில்லை. நடுவில் பொங்குமாங்கடலில் விழுந்து, வேகம் தணிந்து, பிறகே குளிப்பவர் தலைக்கு வருகிறது. மலையிலிருந்து குடிநீர் இறக்கும் பொறியாளர்கள் வழியில் கட்டும் அழுத்தம் தணிக்கும் தொட்டி, இங்கே செலவில்லாமல் அமைந்திருக்கிறது. அதையும் மீறி, குளிக்குமிடத்துப் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டினால் போலீஸ் வந்து குளிக்கத் தடை போடும். இத்தகைய பாதுகாப்பு ஏற்பாட்டை எந்த ஃபிரிட்ஜிலும் யாம் கண்டிலம்.

இடர் காலத்தால் வருவது. சித்திரையில் ஐஸ் வேண்டும்; அருவியிலோ பாறைதான் தெரியும். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று சாரலைக் கொண்டுவர அருவி நிறையும். அப்போது ஐஸ் கேட்டால் வீட்டில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். சென்னை இதைக் குழாயே இல்லாமல் தீர்த்தது: 1840களில் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த ஐஸைக் கடற்கரை ஐஸ் ஹவுஸில் அடுக்கி வைத்தார்கள். செங்கோட்டைக்குக் கப்பல் வராது.

பிளம்பர் மரபு வேறு. “பிரஷர் பத்தாது அண்ணாச்சி, லைன்ல சின்ன பம்ப் ஒண்ணு வச்சிருவோம்” என்ற ஒற்றை வரியில் மேற்கண்ட ஆராய்ச்சி முழுதும் அடங்கிவிடுகிறது. டீ போட்டு, டெஃப்லான் சுற்றி, ஃபிரிட்ஜை முன்னே இழுத்தாலும் மடங்காதபடி டியூபை இரண்டு சுற்று தளர்த்தி விடுகிறார். முதலில் விழும் ஐஸைக் கொட்டிவிட வேண்டும் என்பது கையேட்டு விதி. பம்புக்கும் காசு கொடுத்த வீட்டில் இவ்விதியைக் கடைப்பிடித்தவர் உளரா என்பது தனி ஆய்வுக்கு உரியது.