இந்த முறை எடுத்திடுவன்

போர்ட் எடுக்கப்போகிறவர் கடைக்குள் நுழைந்ததும் விலையைப் பார்ப்பதில்லை, நீளத்தைப் பார்ப்பதில்லை. வளைக்கிறார். சுவரில் சாத்தியிருக்கும் ஸ்னோபோர்ட் ஒன்றை எடுத்து, வாலைக் கம்பளத்தில் ஊன்றி, இடக்கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, வலது உள்ளங்கையால் நடுவில் ஒரு அழுத்து. அழுத்தும்போது கண் தானாக மூடிக்கொள்ளும். முகத்தில் பரியாரியார் நாடி பிடிக்கிற கனம். கடைப் பெடியன் என்னைப் பார்ப்பான். நான் கையுறைகளின் விலையைப் பார்ப்பேன்.

"மச்சான், உது கொஞ்சம் இளக்கம்."

அடுத்ததை எடுப்பார். "உது சரியான இறுக்கம்." அதற்கடுத்தது, அதற்கும் அடுத்தது என்று அந்தச் சுவர் முடியும்வரை போவார். எதிர்ச் சுவரையும் முடிப்பார். பிறகு முதலாவதிடம் திரும்பி வந்து மறுபடி அழுத்துவார். நெற்றி சுருங்கும். "இப்ப என்ன, உது இறுக்கமாக் கிடக்கு?" போர்ட் அப்படியேதான் இருக்கிறது. அவருடைய கைதான் களைத்துவிட்டது.

அழுத்தி முடிந்தால் முறுக்கல். வாலை இரண்டு கால்களுக்கும் நடுவில் இடுக்கி, மூக்கை இரண்டு கையாலும் பிடித்து, ஈரத்துணி பிழிவதற்குத் தயாராவார். அதற்குள் பெடியன் வேறொரு வாடிக்கையாளரைக் கண்டுபிடித்துத் தப்பிவிடுவான். எனக்கு அந்த வசதி இல்லை. காரை ஓட்டிக்கொண்டு வந்தவன் நான்.

கடையில் நின்று கையால் வளைத்து ஒரு போர்ட்டைப் பற்றி அறியக்கூடியது மிகக் குறைவு. பூட்ஸைப் பிடித்துக்கொள்கிற பைண்டிங் பூட்டி, முழு உடம்பும் மேலே ஏறி, வேகத்தோடு ஓரத்தைக் கொடுத்துத் திரும்பும்போதுதான் அதன் குணம் வெளியே வரும். செய்கிறவர்கள் 1 முதல் 10 வரை ஒரு இறுக்க இலக்கம் போடுகிறார்கள். அதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒருவருடைய 5 இன்னொருவருடைய 6 ஆக இருக்கும். இடைநிலையில் சறுக்குகிற ஒருவர், மலை முழுக்கச் சுற்றுவதற்கு ஒரே போர்ட் தேடுகிறவர், நாலுக்கும் ஆறுக்கும் நடுவில் எதை எடுத்தாலும் பிழைபோகாது. இதைச் சொன்னேன். "எந்தக் கொம்பனியின்ரை நாலு?" என்று கேட்டார்.

நீளத்துக்கு வருவோம். அவருடைய எடைக்கு 156-உம் பொருந்துகிறது, 158-உம் பொருந்துகிறது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. நீளத்தை முக்கியமாகத் தீர்மானிப்பது எடை, எடை அட்டவணைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித்தான் கிடக்கும். வித்தியாசம் இரண்டு சென்ரிமீற்றர். அந்த இரண்டு சென்ரிமீற்றருக்காக இரவு பத்தரை மணிக்குத் தொலைபேசி அடிக்கும். காலையில் எடை பார்த்தால் 156, புட்டுச் சாப்பிட்டபிறகு பார்த்தால் 158. எதை நம்புவது?

இத்தனைக்கும் அவர் கவனிக்கவேண்டிய இலக்கம் ஒன்று இருக்கிறது. மனுசனுக்குப் பெரிய கால். பூட்ஸ் 11. போர்ட்டின் இடுப்பு, அதாவது நடு அகலம், ஒடுக்கமாக இருந்தால் பூட்ஸ் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சரிந்து திரும்பும்போது பனியில் இடித்து ஆளைத் தூக்கி எறியும். இடுப்பு 26 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் 'வைட்' ஒன்று எடுத்தால் சோலி முடிந்தது. அந்த இலக்கத்தைப் பற்றி அவர் என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. பிறகு, கேம்பரா ரொக்கரா என்ற வழக்கு. கேம்பர் என்றால் ஆள் ஏறாதபோது போர்ட்டின் நடு நிலத்தைவிட்டு எழும்பி நிற்கும்; ஏறியதும் அழுத்தம் இரண்டு முனைகளுக்கும் பரவி, ஓரம் பனியைக் கடிக்கும். ரொக்கர் அதற்கு எதிர்மாறு: நடு தாழ்ந்து முனைகள் எழும்பியிருக்கும், புதுப்பனியில் மிதக்கும், பிழைவிட்டாலும் மன்னிக்கும், ஆனால் கட்டிப்பனியில் வழுக்கும். எங்கள் பக்கத்துக்கு எது வேண்டும் என்பதற்கு யோசனையே தேவையில்லை. ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணித்தியாலம் ஓடிப்போய் நாங்கள் சறுக்குகிற புளூ மவுண்டன், சரியாகச் சொன்னால் மலையே அல்ல. நயாகராப் பாறைவிளிம்பின் ஒரு துண்டு. உச்சிக்கும் அடிக்கும் 720 அடி. இயந்திரம் தூவிய பனி, பகலில் இளகி, இரவில் இறுகி, காலையில் நாங்கள் போகும்போது பளிங்குத் தரையாகக் கிடக்கும். காலுக்கடியில் கேம்பர், முனைகளில் கொஞ்சம் ரொக்கர், நல்லாத் தீட்டிய ஓரம். போதும்.

"பவுடரிலை மிதக்குமோ?"

அவருடைய மனதில் மேற்குக் கரையிலுள்ள விஸ்லர். அங்குள்ள பிளாக்கொம் மலையின் உச்சியிலிருந்து அடிவரை ஒரு மைல் இறக்கம் என்று சொல்லும்போது குரல் தழுதழுக்கும். அங்கே அவர் போனதில்லை. போர்ட் எடுத்தபிறகு போவதாக இருக்கிறார்.

1965 கிறிஸ்மஸ் அன்று மிச்சிகனில் மஸ்கீகன் என்ற ஊரில் ஷெர்மன் பொப்பன் என்ற பொறியியலாளர் இரண்டு ஸ்கீகளைச் சேர்த்துப் பூட்டி மகள்களிடம் கொடுத்ததில் தொடங்கிய விளையாட்டு இது. பிள்ளைகள் ஏறி நின்று சறுக்கினார்கள். 156-ஆ 158-ஆ என்று அந்த வீட்டில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

நம்மவர் கொகிள்ஸை உணவறைக்குள்ளும் கழற்றாமல் சூப் குடிப்பது, இரவல் வாங்கிய மெழுகைத் திருப்பித் தராதது, இவற்றையெல்லாம் நான் எழுதவில்லை. சறுக்குவதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. நீலச் சதுரம் போட்ட பாதைகளில் குதிக்கால் பக்கமாக நன்றாகவே திரும்புவார். விரல்பக்கம் திரும்பவேண்டி வந்தால் பாதையின் நடுவில் குந்திவிடுவார். கறுப்பு வைரப் பாதையில் போர்ட்டைக் குறுக்கே வைத்து மேலிருந்து கீழ்வரை வழித்துக்கொண்டே வருவார். பின்னால் வருகிறவர்களுக்குப் பனி மிஞ்சாது. காரணம் வாடகைப் போர்ட். "ஓரம் பிடிக்குதில்லை மச்சான்." ஒரு பயிற்சி வகுப்பு எடுத்துப் பார், போர்ட் விலையில் ஒரு துண்டுதான் முடியும் என்றேன். "முதல் போர்ட் வரட்டும். இந்த முறை எடுத்திடுவன்."

நல்ல மனுசன், அதையும் சொல்லவேண்டும். யாருடைய பிள்ளை விழுந்தாலும் பைண்டிங்கைக் கழற்றிவிட்டுச் சரிவில் ஏறிப் போய்த் தூக்கிவிடுவார். காரில் எல்லோருக்கும் ரோல்ஸ் இருக்கும். போத்தலில் இஞ்சித் தேத்தண்ணி இருக்கும். லிஃப்ட் நாற்காலியில் குளிரில் விறைத்துக்கொண்டு அவர் பேசுகிற பேச்சை, அவர் வராத நாட்களில் நான் தேடியிருக்கிறேன்.

ஆனால் அக்காவின் மகன் விசயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயது 14, அப்போதுதான் பழகத் தொடங்கியவன். பழகுகிற பிள்ளைக்கு இளக்கமான, மன்னிக்கிற போர்ட் வேண்டும் என்பது வாடகைக் கவுண்டரில் நிற்கிறவனுக்கும் தெரியும். இவர் அக்காவிடம், "வளருற பிள்ளை அக்கா, இறுக்கமானதா எடுத்து விடுங்கோ, இரண்டு வருசத்திலை அளவாயிருக்கும்" என்று சொல்லி, தானே கூடப்போய், 8 இலக்கத்தில் முழுக் கேம்பர் ஒன்றை எடுப்பித்தார். தனக்கு ஒன்று எடுக்க வருசக்கணக்காக யோசிக்கிறவருக்கு, மற்றவனுக்கு எடுக்க அரைமணித்தியாலம் போதுமாக இருந்தது. பிள்ளையால் அதை வளைக்க முடியவில்லை. கீழ்ப்பக்க ஓரம் பனியில் மாட்டி மாட்டி விழுந்தான், நாரியில் அடிபட்டான், இப்போது குளிர்காலம் முழுக்க அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறான். போன கிழமை அக்கா வீட்டுக்கு வந்தவர் கராஜுக்குள் போனார். போர்ட்டை எடுத்து, வாலை ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு அழுத்து.

"நல்ல போர்ட். ஏன் பாவிக்காமல் வைச்சிருக்கிறான்?"

அக்கா பதில் சொல்லாமல் உள்ளே போனா. அந்தப் போர்ட் விற்பனைக்கு இருக்கிறது. 152, அதிகம் பாவிக்காதது, பைண்டிங்கோடு. நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்கள் மட்டும் கேளுங்கள். விலையை அக்காவோடு பேசிக்கொள்ளலாம். இருக்கிற கோபத்தில் குறைத்துத்தான் தருவா.