பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பனிக்கட்டி மேல் ஓடுதல்: ஒரு முதற்கட்ட ஆராய்ச்சி

பனிக்கட்டி படர்ந்த சாலையில் கால் வழுக்காமல் ஓடுவது எப்படி என்று கனடாவிலும் நார்வேயிலும் ஏராளமாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள். அவை எதிலும் பெரம்பலூரைப் பற்றி ஒரு வரி இல்லை. அரியலூருக்கும் அதே கதிதான். 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் பழையபடி பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007இல் மறுபடியும் பிரிக்கப்பட்ட ஊருக்கு, உலகம் தன்னைக் கணக்கில் எடுக்காதது புதிதல்ல. ஆனாலும் ஆராய்ச்சி மொழியில் இதற்கு இடைவெளி என்று பெயர். இடைவெளி ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அதை நிரப்பாமல் நகர்வது ஆய்வாளர் மரபல்ல.

எடுத்த எடுப்பிலேயே ஒரு மறுப்பு எழும்: அந்த ஊர்களில் பனிக்கட்டி ஏது? நியாயமான மறுப்புதான். மார்கழி விடியலில்கூட இங்கே வெப்பமானி 20 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் நிற்கிறது. உறைபனியை இயற்கையாகப் பார்க்க வேண்டுமானால் டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் தலைகுந்தாவுக்கோ காந்தலுக்கோ பஸ் ஏற வேண்டும். மாவட்ட எல்லைக்குள் பனிக்கட்டி இருக்கும் இடங்கள் மீன் கடை, ஜூஸ் கடை, வாடகைக்கு வரும் ஐஸ் பெட்டி. முதல் இரண்டில் ஓட இடமில்லை. மூன்றாவதில் தலை முதல் கால் வரை குளிரில் இருக்கும் வாய்ப்பு ஒவ்வொருவருக்கும் ஒரு தடவை கிடைக்கிறது; கிடைக்கிற நேரத்தில் ஓடும் நிலையில் யாரும் இருப்பதில்லை.

நிகழ்காலம் கைவிட்டால் ஆய்வாளர் பழங்காலத்துக்குப் போவார். அரியலூரில் அது சுலபம், ஏற்கெனவே தோண்டித்தான் வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கடல் சிப்பியும் கிளிஞ்சலும் கல்லாகிக் கிடக்கின்றன. பெரம்பலூர்ப் பக்கம் காரை கிராமத்துச் செம்மண் ஓடைகளில் மழைக்குப் பின் நடந்தால் அம்மோனைட் தட்டுப்படும். கிரிடேஷியஸ் காலத்தில், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, கடல் இங்கே வந்து தங்கியிருந்ததன் மிச்சம் இவை. ஆனால் நம் தேவைக்கு அந்தக் காலம் உதவாது. அது பூமிக்கே காய்ச்சல் கண்டிருந்த காலம். துருவங்களுக்கு அருகில்கூடக் காடு வளர்ந்திருந்தது. அன்றைக்கு அரியலூரில் டைனோசர் ஓடியிருந்தாலும் வழுக்கி விழுந்திருக்காது.

பனி வேண்டுமானால் சுமார் 30 கோடி ஆண்டுகள் பின்னே போக வேண்டும். அப்போது இந்தியா கோண்டுவானா நிலத்தின் பகுதியாகத் தென் துருவத்தை அண்டிக் கிடந்தது. ஒடிசாவின் தால்சேரில் கலைந்து கிடந்த பெரும் பாறைகளைக் கொண்டுவந்து போட்டது பனியே என்று 1856இல் சொன்னவர்கள் வில்லியம், ஹென்றி பிளான்ஃபோர்டு சகோதரர்களின் குழுவினர். அதே ஹென்றி பிறகு திருச்சிராப்பள்ளிச் சீமைக்கு வந்து, நம் வட்டாரப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று அடுக்கடுக்காகப் பிரித்து 1862இல் அறிக்கை எழுதினார். 1875இல் இந்திய வானிலைத் துறை தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவரே. 1884இல் இமயமலையில் விழும் பனிக்கும் இந்தியாவில் மழை பொய்ப்பதற்கும் தொடர்புண்டு என்று ஒரு கட்டுரையும் வெளியிட்டார். பனியாறு, அரியலூர், வானிலை, இமயப்பனி என்று எல்லாவற்றையும் ஒரே ஆள் தொட்டுவிட்டு, அரியலூரில் பனிக்காலத்தில் ஓடுகிறவன் கதி என்ன என்பதை மட்டும் எழுதாமல் போய்விட்டார். இந்த வட்டாரச் சிப்பிகளை விரிவாக விவரித்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்காவோ நேரே பனிமலைக்கே போனார். யார்க்கந்து பயணத்திலிருந்து திரும்பும் வழியில், 1874 ஜூனில், லடாக்கில் மலைநோய் கண்டு இறந்தார். அரியலூர்ச் சிப்பியோடு நின்றிருக்கலாம்.

இன்றைய அரியலூர் மாவட்டத்தில் பனி அனுபவம் உடைய உயிர்கள் சில உண்டு. 2024 ஜனவரியில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்துக்கு வரும் வரித்தலை வாத்துகள். மங்கோலியா, திபெத் பக்கத்து உயர்நிலங்களில் முட்டையிட்டு, குளிர் தொடங்கியதும் இமயத்தைத் தாண்டி இங்கே வருகின்றன. பனியில் பாதுகாப்பாக இருப்பது எப்படி என்று அவற்றிடம் கேட்டால் கிடைக்கக்கூடிய பதில் அவை வந்திருப்பதிலேயே இருக்கிறது. ஓட்டக்காரருக்கு அது பயன்படாத பதில். அவர் ஓடியே தீருவேன் என்பவர்.

இதுவரை சொன்னதில் ஒரு முறையியல் கோளாறு இருப்பதைக் கூர்ந்த வாசகர் பிடித்திருப்பார். பனிக்கட்டியை அது என்ன பொருள் என்று பார்த்துத் தேடினோம். அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்துத் தேடியிருக்க வேண்டும். சாலையில் பரந்து கிடக்கும். மேலே கால் வைத்தவனைச் சாய்க்கும். பருவம் முடிந்ததும் காணாமல் போகும். இந்த இலக்கணம் அத்தனையும் பொருந்துகிற ஒன்று மார்கழிக் கடைசி முதல் மாசி வரை பெரம்பலூர் மாவட்டச் சாலைகளில் கிலோமீட்டர் கணக்கில் கிடக்கிறது. மக்காச்சோளம்.

தமிழகத்தில் மக்காச்சோளம் மிகுதியாக விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் முன்வரிசைக்காரர். புரட்டாசி மழையை நம்பி விதைத்தது தையில் கதிரடிக்கும் மெஷினுக்கு வரும். அப்போது முத்தில் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டி இருக்கும். வியாபாரி 14க்குக் கீழே கேட்பார். இல்லாவிட்டால் விலையைக் குறைப்பார், நாமக்கல் கோழித் தீவனத்துக்குப் போகிற சரக்கில் பூஞ்சை பிடித்தால் தொல்லை. ஊருக்கு ஒரு உலர்களம் இருந்தாலே அதிகம், அதிலும் முதலில் கொட்டியவர் சாமானியமாக அள்ளமாட்டார். மிச்சமிருப்பது தார்ச்சாலை. கறுப்பாக இருப்பதால் வெயிலை வாங்கி அடியிலிருந்தும் சூடு கொடுக்கிறது. நெடுஞ்சாலைத் துறை தெரிந்தோ தெரியாமலோ கட்டிக்கொடுத்திருக்கும் மிக நீளமான உலர்களம் இதுதான். இரண்டு சக்கரத்தில் வருகிறவர்கள் வழுக்கி விழுந்த செய்தி ஆண்டுதோறும் வருகிறது, சாலையில் காயப்போடாதீர்கள் என்ற அறிவிப்பும் ஆண்டுதோறும் வருகிறது. சோளமும் வருகிறது.

இயற்பியல் கோணத்தில் பார்த்தாலும் ஒப்புமை வலுவாகவே நிற்கிறது. பனிக்கட்டியின் மேற்பரப்பில் தண்ணீர் போன்ற மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது என்று மைக்கேல் ஃபாரடே 1850இலேயே கருதினார். கால் அந்தப் படலத்தின் மேல்தான் போகிறது. மக்காச்சோள முத்து உருண்டையாகவும் இல்லை, தட்டையாகவும் இல்லை. ஒரு முனை குறுகிய ஆப்பு வடிவம். மிதித்தால் கொஞ்சம் சறுக்கும், பிறகு திடீரென்று உருளும். சறுக்கலுக்கு ஈடுகொடுக்க உடம்பு தயாராகும்போது உருளல் வந்து சேர்கிறது. பனிக்கட்டியாவது ஒரே மாதிரி துரோகம் செய்யும்.

குளிர்நாட்டு ஓட்டக்காரர்கள் மிகவும் அஞ்சுவது கண்ணுக்குத் தெரியாத பனியை. தார் மேல் கண்ணாடியாய்ப் படிந்து, சாலையின் நிறத்திலேயே இருந்து ஆளைக் கவிழ்க்கும். அதற்கும் நம்மிடம் இணை உண்டு. மாலையில் சோளத்தை ஓரமாகக் குவித்துப் பனி இறங்காமல் கறுப்புப் படுதா போட்டு மூடுகிறார்கள். படுதா பறக்காமலும் வண்டி ஏறாமலும் இருக்கச் சுற்றிலும் பாறாங்கல். கறுப்புச் சாலை, கறுப்புப் படுதா, விடியாத நேரம். காலையில் படுதாவைச் சுருட்டிக்கொண்டு போவார்கள், கல் அடுத்த மாலைக்காக அங்கேயே காத்திருக்கும்.

அடுத்ததாக வாசல் வழுக்கல். மார்கழியில் நான்கரை, ஐந்து மணிக்கே தெருவில் சாணி தெளித்துப் பெருக்கிவிடுகிறார்கள். ஈரமும் சாணியும் சேர்ந்த அந்தப் படலம் ஃபாரடேவின் கொள்கைக்கு நேரடிச் சான்று. அதன் மேல் கோலம். கோலத்தை மிதித்தவர் கீழே விழாமல் தப்பினாலும் அந்த வீட்டு அம்மாவின் வாயிலிருந்து தப்ப முடியாது. சாணி உருண்டையில் செருகிய பூசணிப் பூவைப் பண்பாட்டு ஆய்வாளர்கள் மங்கலக் குறி என்கிறார்கள். இருட்டில் மஞ்சளாகத் தெரியும்படி, வழுக்கும் பரப்பின் நட்டநடுவில், தரைமட்டத்திலிருந்து சற்று உயர்த்தி வைக்கப்பட்ட ஒன்றைச் சாலைப் பாதுகாப்புச் சின்னம் என்று ஏன் கொள்ளக் கூடாது என்பதே நம் கேள்வி.

அரியலூர்ப் பக்கம் சோளம் குறைவு, அங்கே பனிப்பொழிவு. சுண்ணாம்புக்கல்லும் சிமென்டும் ஏற்றிய லாரிகள் போகிற சாலையோரப் புளியமரங்கள் வெள்ளை போர்த்தி நிற்பதைப் படம் எடுத்து அனுப்பினால் வெளிநாட்டு உறவினர் ஒரு கணம் ஏமாறுவார். மூச்சிழுத்து ஓடுகிறவர் உள்ளே வாங்குவது கிரிடேஷியஸ் கடலில் வாழ்ந்த சிப்பியின் தூள். இந்தப் பனி உருகாது.

இனிப் பரிகாரம். பனிக்கட்டியில் நடப்போருக்கு உலகெங்கும் சொல்லப்படும் முதல் அறிவுரை பென்குயின் நடை: பாதத்தைச் சற்று வெளிப்பக்கம் திருப்பு, அடியைச் சுருக்கு, குதிகாலை ஊன்றாமல் பாதம் முழுவதையும் ஒன்றாக வை, உடம்பின் பாரத்தை முன்காலுக்கு மேலேயே வைத்திரு, கையைப் பையிலிருந்து எடு. இப்போது பெரம்பலூர்ச் சாலையில் காயும் சோளத்தைக் கிளறுகிறவரைப் பாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து, சிறு அடியாக, கை இரண்டையும் வீசவிட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சால் போட்டுக்கொண்டே போவார். திரும்பி வருவார். நாள் முழுக்க நடந்தாலும் விழமாட்டார். அவர் பென்குயினைப் பார்த்ததில்லை, பென்குயினும் அவரைப் பார்த்ததில்லை. தொடர்பே இல்லாத இரண்டு உயிர்கள் ஒரே நெருக்கடிக்கு ஒரே விடை கண்டுபிடிப்பது பரிணாம இயலில் உள்ளதுதான், ஆனால் இவ்வளவு துல்லியமாக அது அமைவது அபூர்வம்.

காலணியில் இந்த ஒற்றுமை குலைகிறது. அங்கே ஷூவின் அடியில் இரும்பு முள் மாட்டிக்கொள்கிறார்கள். இங்கே அதைச் செய்தால் முத்து நொறுங்கும், நொறுங்கிய சோளத்துக்கு யார் விலை கொடுப்பது என்ற பேச்சு நீளும். மரியாதையாகத் தார்ச்சாலையை விட்டு மண்ணில் இறங்கினாலோ சீமைக் கருவேலம். குளிர்நாட்டில் முள் ஷூவிலிருந்து தரைக்குப் போகிறது, நம் ஊரில் தரையிலிருந்து ஷூவுக்குள் வருகிறது.

உடையைப் பற்றிய குளிர்நாட்டு விதி: வெளியே இருக்கும் வெப்பத்தோடு 10 டிகிரியைக் கூட்டி, அதற்கேற்ப உடுத்து, ஓடினால் உடம்பு தானாகச் சூடாகும். இதன்படி அரியலூரில் மார்கழியில் ஓடுகிறவர் 30 டிகிரிக்கு உரிய உடை அணிய வேண்டும், அதாவது பனியன் போதும். நடைமுறை வேறு. பால் வாங்கப் போகிறவர்கூட பனியன், சட்டை, ஸ்வெட்டர், மேலே துண்டு, கழுத்தில் மஃப்ளர், எல்லாவற்றுக்கும் மேலே குரங்குக் குல்லா என்று கிளம்புகிறார். முழங்காலுக்குக் கீழே வெறுங்கால், ரப்பர் செருப்பு. குளிர் காது வழியாக மட்டுமே உடம்புக்குள் நுழைகிறது என்ற உள்ளூர்க் கோட்பாட்டின் மேல் எழுந்த ஏற்பாடு இது. காதை அடைத்துவிட்டால் மற்ற வாசல்கள் திறந்திருக்கலாம். இதில் ஒரு கேடு: பின்னால் வரும் டிப்பர் லாரியின் ஹாரனும் காது வழியாகத்தான் வர வேண்டும். ஆகவே குல்லா அணிந்தோர் சாலையின் வலப்பக்கம், வண்டிகளை எதிர்நோக்கி ஓடுவதே நல்லது. மூடுபனி இறங்கிய நாளில் திருச்சி–சென்னை நான்குவழிச் சாலைப் பக்கமே போக வேண்டாம்.

காற்றைப் பொறுத்தவரை ஒரே விதி. புறப்படும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. வியர்த்த உடம்பில் எதிர்க்காற்று படக் கூடாது. வாடை வடக்கிலிருந்து வருவதால் அரியலூர்க்காரர் செந்துறைத் திசையில் தொடங்கலாம். துரத்துகிற நாய்களும் திசைக்கு ஏற்பப் பிரிந்திருக்கின்றன. வேகப் பயிற்சிக்கு வேறு ஏற்பாடு தேவையில்லை.

இத்தனைக்கும் ஓடுவது யார்? காலைநடைக்காரர்களில் பெரும்பாலோர் நடப்பவர்களே. அரசு 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் திறந்த 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டமும் அவர்களுக்கானது. இருட்டோடு இருட்டாக உண்மையில் ஓடுகிறவர்கள் போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள். 1500 மீட்டர், 7 நிமிடம். வினாடிக்கு மூன்றரை மீட்டருக்கும் சற்று மேலே. அந்த வேகத்தில் படுதாவின் கல்லும் தெரியாது, பூசணிப் பூவும் தெரியாது. களப்பணியின்போது சோளத்துக்குக் காவல் படுத்திருந்த பெரியவர் ஒருவர் அப்படி ஓடிவந்த பையனை நிறுத்தி ஒரு யோசனை சொன்னார்.

“ஏப்பா தம்பி, தினம் இந்நேரத்துக்கு யாருக்காக இப்படி ஓடுற?”

“போலீஸ் செலக்‌ஷனுக்குங்க தாத்தா.”

“வெயில் ஏறட்டும், படுதாவ எடுத்துர்றேன். செருப்பக் கழட்டிட்டு இதுக்குள்ள நாலு சுத்து காலத் தேச்சுக்கிட்டே போ. உனக்கும் கால் உரப்படும், எனக்கும் சோளம் காயும்.”

இதைவிடப் பாதுகாப்பான பயிற்சி முறை கனடாவிலும் கிடையாது. இந்த ஆய்வு அதை முழுமனதாக ஏற்றுக்கொள்கிறது. இடிப்பது ஏழு நிமிடம் மட்டும்தான். பென்குயின் நடையில் 1500 மீட்டரைக் கடக்கிறவருக்குக் கால வரம்பைத் தளர்த்தலாமா என்பதைத் தேர்வுக் குழுமம்தான் சொல்ல வேண்டும். பையன் “சரிங்க தாத்தா” என்று சொல்லிவிட்டு, சோளத்தைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போனான்.