பருத்திக்காட்டுப் பாட்டும் மோட்டார் கொட்டாயும்

வாங்கடா பேராண்டிங்களா. அந்தக் கிடாரை உயர மாட்டுங்க, ஆட்டுக்குட்டி நரம்பை மென்னுடப் போவுது.

திட்டக்குடியில ஒரு பேண்டு கிளம்பியிருக்குன்னு டீக்கடையில ஒரே பேச்சு. நாலு ஆளு, மூணு கிடாரு, ஒரு டிரம்மு. பாட்டுதான் இன்னும் ஒண்ணுகூட முடியலையாம். பேரு வைக்க மட்டும் மூணு மாசம் ஆச்சாம். வெள்ளாத்து மணல்ல ஆளுக்கொரு திக்கா மொறைச்சிக்கிட்டு நீங்க நிக்கிற படத்தைப் பேத்தி போனுல காட்டுனா. தொலைஞ்ச மாட்டைத் தேடப் போன பசங்கன்னுல்ல நெனச்சேன்!

"ப்ளூஸ் பாதிப்புள்ள ராக்கு, தாத்தா"ன்னா. பாதிப்புன்னா மருந்தடிச்சா சரியாப் போயிடுமேன்னேன். தலையில அடிச்சிக்கிட்டு, ராத்திரி முழுக்க அந்தப் பாட்டுங்களைப் போட்டுக் காட்டுனா. ஒரு நாலு விஷயம் மனசுல பட்டுச்சு, சொல்றேன்.

மடி வாட்டர்ஸுன்னு ஒரு ஆளு. மிசிசிப்பியில ஸ்டோவால்ங்கிற பண்ணையில பருத்தி எடுத்தவரு. 1941-ல அவரு குடிசையைத் தேடி வந்து பாட்டைப் பதிஞ்சிக்கிட்டுப் போனாங்க. 1943-ல சிகாகோவுக்கு ரயிலேறுனாரு. அங்க சாராயக்கடைச் சத்தத்துல வெறுங்கிடாரு யாரு காதுலயும் ஏறல, அதனால கரண்டு கிடாரைப் புடிச்சாரு. உங்களுக்கு என்னாடா இரைச்சல்? நீங்க வாசிக்கிற மோட்டார் கொட்டாயச் சுத்தித் தவளையைத் தவிர ஒண்ணுமில்ல. அதுக்கு ஆளு உசரத்துக்கு ஸ்பீக்கரு! இலவச கரண்டு பயிருக்குத் தண்ணி பாய்ச்சத்தான்டா, ராகம் பாய்ச்ச இல்ல. லைன்மேன் வந்தா நான் யாரையும் பார்த்ததில்லைன்னுடுவேன், ஆமாம்.

பருத்தின்னதும் உங்க ஆயா ஞாபகம் வந்துச்சு. நம்ம மங்களூர் பக்கம் பருத்தி எடுத்துட்டு வந்தா, காய் ஓடு கீறி விரல் நுனியெல்லாம் கோடு கோடா இருக்கும். அந்தக் கையாலதான் மார்ல அடிச்சி ஒப்பாரி வைப்பா. ஒண்ணைச் சொல்லுவா. ஒரே ஒரு சொல்லை மாத்தி அதையே திரும்பச் சொல்லுவா. அடுத்த வரி, பக்கத்துல குந்தியிருக்கிற நாத்தனாருக்குச் சுருக்குன்னு தைக்கும். அழுவுறது செத்தவனுக்கு, அடி விழுறது இருக்கிறவனுக்கு. ப்ளூஸுலயும் மொத வரியை ரெண்டு தடவை பாடிட்டு மூணாவதுல போட்டு ஒடைக்கிறான் பாரு. பன்னெண்டு பார் கணக்கு நீங்க காசு கட்டிக் கத்துக்கிட்டது. ஒடைக்கிற வித்தை உங்க ஆயாகிட்ட ஓசியிலயே கெடைச்சிருக்கும்.

நீங்க ஒடைக்கிறதே இல்ல. மூணு வரியும் மூக்கை உறிஞ்சுறீங்க. சோகத்தைச் சுமக்குறது பொதிமாடு, சோகத்தையே நக்கலடிக்கிறவன்தான்டா ப்ளூஸ்காரன்.

இங்கிலீஷுல பாடுறதா தமிழ்ல பாடுறதான்னு கொழம்பாதீங்க, பாஷையில ஒண்ணும் இல்ல. ஷில்லாங்குல சோல்மேட்டுன்னு ஒரு பேண்டு. ரூடி வாலாங் கிடாரு, டிப்ரிட்டி கார்பாங்கர் பாட்டு. 2003-ல ஆரம்பிச்சி இங்கிலீஷுலதான் பாடுனாங்க. 2007-ல மெம்ஃபிஸ் ப்ளூஸ் போட்டிக்கே போய் வாசிச்சிட்டு வந்தாங்க, கொல்லன் தெருவுலயே ஊசி வித்த மாதிரி. நம்ம சென்னையில 2018 ஜனவரியில கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்னு ஒரு பேண்டு மேடை ஏறுச்சு. கானாவும் பறையும் கிடாரும் ஒண்ணா நின்னுச்சு. மாட்டுக்கறியையும் இடஒதுக்கீட்டையும் பாடுனாங்க. கேட்டவன் சிரிச்சிக்கிட்டே ஆடுனான், வூட்டுக்குப் போனப்புறம்தான் சூடு உறைச்சிருக்கும்.

இந்தா, இதைச் சுண்டுவிரல்ல மாட்டு. எங்கப்பா காலத்துல கரண்டு இழுத்தப்ப, ஒயரு போறதுக்குச் சொவத்துல பதிச்ச பீங்கான் குழாய். அந்த மிசிசிப்பிப் பக்கம் பாட்டில் கழுத்தை ஒடைச்சி மாட்டிக்கிட்டு நரம்பு மேல இழுத்தாங்களாம். இந்த இழுப்புக்கு நீங்க வெளிநாட்டுச் சாமானுக்கு ஆர்டர் போட்டுட்டுத் தபால்காரரு வழியைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க. விருத்தாசலத்துல இத்தனை பீங்கான் சூளை பொகையுது, ஒரு குழாய் சுட்டுக் குடுக்க மாட்டாங்களா? ம்... இழு. மெதுவா. கேட்டியா? கன்னுக்குட்டியைப் புடிச்சிக் கட்டுனப்புறம் தாய்மாடு குடுக்கிற கொரலு. மூணு மாசத்துல இதுதான்டா நீ வாசிச்ச மொத ப்ளூஸு.

கடைசியா ஒண்ணு. பி.பி. கிங்குன்னு பெரிய ப்ளூஸ்காரரு, மொதல்ல டிராக்டர் ஓட்டுனவரு. 1946-ல கொட்டாய்ல நிறுத்துறப்ப வண்டி ஒரு துள்ளு துள்ளிப் பொகைக்குழாய் முறிஞ்சிடுச்சு. மொதலாளிக்குப் பயந்து கிடாரோட மெம்ஃபிஸுக்கு ஓடிட்டாரு. அதோட வுடல, திரும்பி வந்து ஒழைச்சிக் கடனை அடைச்சிட்டுத்தான் மறுபடி கிளம்புனாரு.

நீங்களும் பெரிய ஆளா வருவீங்க, நான் வேணாங்கல. போன வாரம் உங்க டிராக்டர் பழக்கத்துல என் வைக்கோப்போரு சரிஞ்சி கெடக்குது பாரு. கிடாரை நான் பத்திரமாப் பார்த்துக்கிறேன், மொதல்ல போய் அதைத் தூக்கிக் கட்டுங்க. அலுப்பு தெரியாம இருக்க ஒரு பாட்டு பாடிக்கங்க. என்னைத் திட்டிப் பாடுனாலும் சரி, மூணாவது வரி மட்டும் எனக்குச் சுருக்குன்னு தைக்கணும்.