பத்தரை அடிப் பலகையும் நம்மவரும்

ஒரு பொருளை வாங்கி முடித்துவிட்டால் நம்மவருக்கு முகம் வாடிவிடும். வாங்குவதற்கு முந்தைய மாதங்கள்தான் அவருக்குத் திருவிழா. மிக்ஸிக்கு ஒரு மழைக்காலம், மெத்தைக்கு ஒரு முழுக் கோடை என்று செலவழித்தவர். திருப்பதி காந்தி ரோட்டில் அவர் தலை தெரிந்தாலே பாத்திரக்கடை முதலாளி பையனைக் கூப்பிட்டு, "ரெண்டு டீ சொல்லுடா, சார் வர்றாரு, நேரமாவும்" என்பார். கடைசியில் பில் போடும்போது நம்மவர் பர்ஸைத் திறக்கும் தோரணையைப் பார்த்தால் பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறாரோ என்று தோன்றும்.

ஊருக்கு நாலு பேராவது இப்படி உண்டு. நான் சொல்பவர் திருப்பதியில் குடியிருந்து தினமும் சித்தூருக்குப் பஸ் ஏறிப் போய் வங்கி வேலை பார்ப்பவர். போக எழுபது கிலோமீட்டர், வர எழுபது. ஆராய்ச்சிக்கு இதைவிடத் தோதான உத்தியோகம் கிடையாது. மனைவி கணக்கு டீச்சர். தெருவே டீச்சர் என்று கூப்பிடுவதால் நாமும் அப்படியே சொல்வோம். பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து இருவரும் லீவு கிடைத்தால் ஊர் சுற்றுகிறார்கள்.

வினை கோவளத்தில் பிடித்தது. சென்னைக்குத் தெற்கே இருக்கும் மீனவர் கோவளம். அலைச்சறுக்குச் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளால் இப்போது பேர் வாங்கிய ஊர். அங்கே ஒரு பெண்மணி அகலமான பலகைமேல் நின்றபடி நீளத் துடுப்பால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நிதானமாகப் போனாள். டீச்சர் பார்த்தார்.

"நாமளும் போலாங்க."

பக்கத்திலேயே வாடகைக்குப் போர்டு இருந்தது. சொல்லிக்கொடுக்க ஆளும் இருந்தது. சாதாரண மனிதராக இருந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கியிருப்பார். நம்மவர், "அவசரப்படாத. முதல்ல என்ன ஏதுன்னு படிப்போம்" என்றார். அன்றிலிருந்து பேடில் போர்டு அந்த வீட்டில் மூன்றாவது ஆளாகக் குடிவந்தது. போர்டு வந்து சேரவில்லை, பேச்சு மட்டும்.

திருப்பதியில் இருந்துகொண்டு பேடில் போர்டு வாங்குவதென்றால் ஒரு தைரியம் வேண்டும். சுவர்ணமுகி ஆறு ஆண்டில் பெரும்பாலும் மணல்தான். கல்யாணி அணையில் தண்ணீர் உண்டு, ஆனால் அது மலைக்கும் ஊருக்கும் குடிதண்ணீர். அதில் காலை வைத்தால் ஊர் சும்மா விடாது. திருமலைப் புஷ்கரிணியில் பால்குண பௌர்ணமியோடு முடியும்படி ஐந்து நாள் தெப்போற்சவம் நடக்கிறது, அங்கே மிதக்கிற உரிமை சுவாமிக்கு மட்டும். சூலூர்ப்பேட்டைப் பக்கம் போனால் பழவேற்காடு ஏரி கிடக்கிறது, மைல் கணக்கில். ஆழம் குறைவு, பழகுவதற்கு வாகானது. ஆனால் அது பூநாரைகளுக்கு எழுதிவைத்த பறவைச் சரணாலயம். அந்த ஏரியில் மீனவர்கள் படகில் நின்றபடி கழி ஊன்றிப் போவார்கள். அவர்களில் யாரும் கழியின் நீளத்தை மூன்று கம்பெனிகளோடு ஒப்பிட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நம்மவர் ஒரு நீள நோட்டுப் போட்டார். முதல் பக்கத்தில் வரலாறு. ஹவாயின் வைக்கீக்கியில் 1940களில் கடற்கரைப் பையன்கள் பலகைமேல் நின்று துடுப்புப் போட்டது, பின்னால் லேயர்ட் ஹாமில்டனும் டேவ் கலாமாவும் அதை உலகத்துக்குக் கொண்டுபோனது. 2004இல் ஜாக் ஹெப்னர் என்ற அமெரிக்க கிருஷ்ண பக்தர் கர்நாடகத்து முல்கியில் ஆசிரமமும் அலைச்சறுக்குக் கிளப்பும் சேர்த்து நடத்தி 'சர்ஃபிங் சாமி' என்று பெயர் வாங்கியது, அதே முல்கியிலிருந்து தன்வி ஜெகதீஷ் தேசிய சாம்பியனாக வந்தது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே பாயசம் வரைக்கும் வந்துவிட்டார். எழுந்திருக்க வழியில்லை.

அடுத்து, கெட்டிப் போர்டா காற்றடிக்கிற போர்டா என்ற விவகாரம். கெட்டிப் போர்டு தண்ணீரில் நன்றாக வழுக்கும், ஆனால் காரின் தலையில் கட்டித்தான் கொண்டுபோக வேண்டும். ஊர் சுற்றுகிறவர்களுக்குக் காற்றடிக்கிறதுதான் சரி. பாய் போலச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளலாம். இவ்வளவு தெரிய ஐந்து நிமிடம் போதும். நம்மவருக்கு நவராத்திரியிலிருந்து சங்கராந்தி வரை ஆனது. நடுவில் கோவளத்து சேகர் பச்சை போன்ற தேசிய சாம்பியன்கள் போட்டிக்கு எடுக்கும் 14 அடி போர்டின்மேல் ஒரு மோகம் வந்தது. அப்பார்ட்மெண்ட் லிஃப்டை டேப் வைத்து அளந்த பிறகு தணிந்தது.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நீளம் பத்தரை அடி, அகலம் 32 அங்குலத்துக்குக் குறையாமல், தடிமன் 6 அங்குலம். உலகம் முழுவதும் இதைத்தான் சொல்கிறார்கள். அகலம் கூடினால் ஆட்டம் குறையும், வேகமும் குறையும். நம்மவர் இந்த அளவுகளைப் பெருக்கி, முனை குவிவதற்குக் கொஞ்சம் கழித்து, கொள்ளளவு 300 லிட்டர் என்று கண்டுபிடித்தார். அப்படியென்றால் 300 கிலோ வரை மூழ்காதே, கம்பெனி மட்டும் ஏன் அதில் பாதியை ஒட்டி வரம்பு போடுகிறது என்று டீச்சரிடம் கேட்டார். டீச்சர் விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "மிதக்கறது வேற, அதும்மேல நிக்கறது வேறங்க" என்றார். அந்தப் பதில் நோட்டில் ஏறவில்லை.

எடையைத் தொட்டதுதான் ஆபத்தாகிவிட்டது.

"உன் வெயிட் எவ்ளோ?"

"இன்னாத்துக்கு?"

"போர்டு தாங்கணுமில்ல?"

"இத்தினி வருசம் நீங்க தாங்கலையா? அது தாங்காதா?"

இருவரும் ஒரே போர்டில் போவதா, ஆளுக்கொன்றா என்பது அந்த ஒற்றை எண்ணில் நின்றது. எண் வெளியே வரவில்லை. எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கொண்டமீத துலாபாரம் இச்சேயண்டி, அயிப்போதுந்தி" என்று யோசனை சொன்னார். மலையில் ஒரு தட்டில் ஆள், மறு தட்டில் கற்கண்டோ வெல்லமோ. எத்தனை கிலோ என்று கணக்குப் பார்த்துத்தானே பணம் கட்டவேண்டும்? நம்மவர் முகம் மலர்ந்தது. திடீரென்று வந்த இந்த பக்தியை டீச்சர் ஒரு பார்வை பார்த்தார். மலைப் பயணம் ரத்து.

ஆளுக்கொன்று என்றாலும் சிக்கல் உண்டு. பம்பு, துடுப்பு எல்லாம் சேர்ந்தால் ஒரு பை 12, 13 கிலோ வரும். உள்நாட்டு விமானத்தில் பொதுவாக ஆளுக்கு 15 கிலோதான் உள்ளே போட விடுகிறார்கள். மிச்சம் இரண்டு கிலோவில் நான்கு நாளைக்குத் துணி, ஊறுகாய், பையனுக்கு முறுக்கு. நம்மவர் துணியைக் குறைக்கலாம் என்றார். முறுக்கைப் பற்றி வாயைத் திறக்க அவருக்கே தைரியம் வரவில்லை.

துடுப்பு விஷயத்தில் மட்டும் சுருக்கமாக முடித்தார் என்று நினைத்தோம். நிற்கிறவரின் உயரத்துக்குமேல் ஒரு சாண் இருக்கவேண்டும். இருவரின் உயரமும் வேறு, ஆகவே நீட்டிக் குறைக்கிற மாதிரி, மூன்று துண்டாகக் கழற்றுகிற மாதிரி. சரி. ஆனால் அலுமினியமா, ஃபைபரா, கார்பனா? அதற்குள் உகாதி வந்துவிட்டது.

ஒரு நாள் பள்ளியில் ஃப்ரீ பீரியட் கிடைத்தது. டீச்சர் போனைத் திறந்து ஒரு போர்டை ஆர்டர் போட்டு, பணத்தையும் கட்டி, மணி அடித்ததும் ஒன்பதாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா எடுக்கப் போய்விட்டார். பத்தரை அடி, 32 அங்குலம். சாயங்காலம் செய்தி கேட்ட நம்மவர் சோபாவில் உட்கார்ந்து நோட்டை மூடினார். அன்று ராத்திரி அவருக்கு மோர் மட்டும்தான் இறங்கியது.

பை வந்து இறங்கியதும் மனிதருக்கு உயிர் திரும்பியது. வாங்குவது போய்விட்டாலும் வாங்கியதைச் சரிபார்ப்பது என்று ஒன்று மிச்சம் இருக்கிறதே. முதலில் பூஜை. சித்தூர் போகிற வழிதானே என்று காணிப்பாக்கம் விநாயகரிடம் கொண்டுபோனார். கிணற்றுக்குள்ளிருந்து எழுந்து தண்ணீரிலேயே இருக்கும் பிள்ளையார், இந்த வாகனத்துக்கு அவரைவிடப் பொருத்தமான சாமி இல்லை என்பது அவர் வாதம். குருக்கள் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு, "வண்டி எங்க சாமி?" என்றார். நம்மவர் பையைத் திறந்து காட்டினார். "சக்கரம் இல்லாம பழத்தை எதுல வைக்கறது?" அடியில் செருகும் ஃபின்கள் மூன்று இருந்தன. மூன்றுக்கும் கீழே மூன்று பழம் வைத்து நசுக்கிய பிறகுதான் நம்மவர் தட்டில் தட்சிணை போட்டார்.

பிறகு காற்று. கைப்பம்பு பாதிக்குமேல் இறுகிவிடும், தோள்பட்டை கேள்வி கேட்கும். ரேணிகுண்டா ரோட்டில் பஞ்சர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

"எத்தினி பாயிண்ட் சார்?"

"பதினஞ்சு."

"சைக்கிளுக்கே நாப்பது வெப்பேன். இத்தாம்பெருசுக்குப் பதினஞ்சா? உள்ள டியூப்பு கீதா?"

"டியூப் கிடையாதுப்பா. மேல்துணிக்கும் கீழ்த்துணிக்கும் நடுவுல ஆயிரக்கணக்கான நூல். அந்த நூல் இழுத்துப் பிடிக்கறதாலதான் காத்தடிச்சா பலூன் மாதிரி உருண்டு போகாம பலகையா நிக்குது."

கடைக்காரர் காதில் இருந்த பீடியை எடுத்தார். "நூலா? நகரியிலயா நெய்யறாங்க?"

வால்வுக்கு அவருடைய குழாய் பொருந்தவில்லை. அதற்கென்று தனி இணைப்பு வேண்டும். வீட்டுக்குத் திரும்பி மொட்டை மாடியில் கைப்பம்பாலேயே அடித்து முடித்தார். வெயிலில் காற்று விரிந்து அழுத்தம் ஏறும் என்று படித்திருந்ததால், அக்கம்பக்கம் வடாம் காயப்போட்டிருந்த சித்திரை மதியத்தில், போர்டுக்கு ஈரப் போர்வை போர்த்திப் பக்கத்தில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். போர்டைக் கீழே இறக்கலாமே என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் நீளும்.

கோவளத்துக்கு விடியற்காலையில் போய்ச் சேர்ந்தார்கள். கடற்காற்று எழும்புவதற்குள் தண்ணீரில் இருக்கவேண்டும் என்று நோட்டில் எழுதியிருந்தது, அது சரியும்கூட. வங்கி நண்பர்கள் புத்தூர்க் கட்டுக் கட்டும் இடத்துக்கு வழி சொல்லி அனுப்பியிருந்தார்கள். எலும்பு முறிந்தால் எங்கள் பக்கத்தில் முதலில் நினைவுக்கு வரும் ஊர் அது. சொல்லிக்கொடுத்த பையன் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டு, போர்டின் கயிற்றைக் கணுக்காலில் கட்டி, "மொதல்ல முட்டி போடுங்க, அப்புறம் எழுந்திருங்க, காலைப் பார்க்காதீங்க, தூரமாப் பாருங்க" என்றான். அப்புறம் தயங்கி, "சார், துடுப்பு திருப்பிப் புடிச்சிருக்கீங்க" என்றான்.

துடுப்பின் இலை முன்பக்கம் சாய்ந்திருக்கவேண்டும். பார்த்தால் நேர்மாறாகத்தான் பிடிக்கத் தோன்றும், புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அப்படியே பிடிக்கிறார்கள். நம்மவருக்கு இலை ஏன் சாய்கிறது என்பது தெரியும், எந்தக் கம்பெனி எத்தனை டிகிரி சாய்க்கிறது என்பதும் தெரியும். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அதைப் பையனுக்கு விளக்கினார். பையன் மரியாதை தெரிந்த பிள்ளை, "ஆமா சார், ஆமா சார்" என்று கேட்டுக்கொண்டான். இதற்குள் டீச்சர் இரண்டு முறை தண்ணீரில் விழுந்து, மூன்றாம் முறை முட்டியிலிருந்து எழுந்து, முதுகை நிமிர்த்தி, வகுப்பில் மேற்பார்வைக்கு நடக்கிற அதே நிதானத்தில் போய்க்கொண்டிருந்தார். நம்மவரும் பிறகு ஏறினார், விழுந்தார், நின்றார். குறை ஒன்றும் இல்லை. ஆனால் கரையேறியதும் அவர் நேரே போனது பக்கத்துக் குடும்பத்தின் போர்டைத் தட்டிப் பார்க்க. "என்ன ரேட்டுக்கு எடுத்தீங்க?"

இப்போது போர்டு ஆண்டுக்கு மூன்று, நான்கு தடவை தண்ணீரைப் பார்க்கிறது. மற்ற நாளெல்லாம் திருப்பதி வீடுகளுக்கே உரிய கடமையில் இருக்கிறது. தரிசனத்துக்கு வருகிற சொந்தக்காரர் யாருக்கும் இங்கே உறவினர் வீடு இருக்க லாட்ஜ் தேவைப்படுவதில்லை. புரட்டாசியில் ஹாலில் கால் வைக்க இடம் இருக்காது. போன புரட்டாசியில் பாய் போதாமல் டீச்சர் போர்டை எடுத்து ஃபின்களைக் கழற்றி, ஜமக்காளம் விரித்துப் போட்டார். ஒரு பெரியவரும் அவர் காலடியில் ஒரு குழந்தையும் தாராளமாகப் படுக்கலாம்.

சித்தூர் மாமா அதில்தான் படுத்தார். "கல்லாட்டம் கீதேப்பா, கொஞ்சம் காத்து எறக்கு" என்றார். எட்டுப் பாயிண்டுக்கு இறக்கினதும் குறட்டை. காலையில் எழுந்து, முதுகுவலியே தெரியவில்லை, எனக்கும் ஒன்று வாங்கிக் கொடு என்று சொல்லிவிட்டார் பாவம். தரிசனத்துக்கு நேரமாகிறது என்று அத்தை வாசலில் நின்று கத்துகிறாள். நம்மவர் நோட்டை எடுத்துவந்து புதுப் பக்கம் திருப்பினார்.

"உக்காருங்க மாமா. உங்க வெயிட் எவ்ளோ?"