செஞ்சி ஸ்போர்ட்ஸ் கார்களின் சுருள்வில்: ஒரு சிக்கன ஆய்வு

பந்தயக் கார்களின் ஸ்பிரிங்கைப் பற்றி எழுதுவோர் இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தோடு நின்றுவிடுகிறார்கள். திண்டிவனத்தில் திரும்பித் திருவண்ணாமலைச் சாலையில் செஞ்சி வரை யாரும் வருவதில்லை. அந்தக் குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வூரின் வேக வாகன வரலாறு, 1714-இல் போரில் மாண்ட தேசிங்குராஜனின் குதிரையில் தொடங்குகிறது. குதிரைக் காலின் நீண்ட தசைநாண்கள் ஒவ்வொரு பாய்ச்சலிலும் இழுபட்டுச் சுருங்குபவை. ஆகவே ஊரின் முதல் ஸ்பிரிங் வண்டி அதுவே எனக் கொள்ளத் தடையில்லை. பட்டை ஸ்பிரிங் வைத்த வில்வண்டி பிறகு வந்தது. இன்று அந்த இடத்தில் நிற்பது 100 சிசி பைக். அதையே இக்கட்டுரை ஸ்போர்ட்ஸ் கார் என்கிறது.

இப்பட்டம் மிகையன்று. ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் பெரும் பணம் கொடுத்து மாட்டும் ‘காயிலோவர்’ என்பது என்ன? ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஒரு சுருள்வில், அதை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு வளையம். ஸ்பிளெண்டர் ப்ளஸ்ஸின் பின்சக்கரத்தின் இரு பக்கமும் இருப்பது அதேதான். திருகுமரைக்குப் பதில் ஐந்து படி வெட்டிய வளையம், அவ்வளவே வேறுபாடு. அமாவாசை இரவில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு மேல்மலையனூர் போய்வரும் வண்டி, மறுநாள் காலையில் ஒற்றை ஆளைச் சுமக்கிறது. மதியம் மல்லாட்டை மூட்டையோடு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போகிறது. இத்தனைக்கும் வளையம், சேறு இறுகி, டெலிவரி எடுத்த நாளில் நின்ற படியிலேயே நிற்கிறது. கொக்கி ஸ்பேனரால் அதை இரண்டு படி ஏற்றுவதே உலகின் மிக மலிவான சஸ்பென்ஷன் மேம்பாடு என்பது இக்கட்டுரையின் துணிபு. செலவு சுழியம்.

வளையத்தை ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகாதே என்று இயற்பியல் தெரிந்தவர் மறுப்பார். உண்மை, ‘ஹார்டு பண்ணிட்டேன்’ என்று சொல்லும் மெக்கானிக் தவறாகவே சொல்கிறார். இழுப்புக்கேற்ற விசை என்று 1678-இல் ராபர்ட் ஹூக் வெளியிட்ட விதிப்படி, ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பியிலும் சுற்றிலும் இருக்கிறதே தவிர வளையத்தில் இல்லை. கம்பியின் தடிமன் 10 சதவீதம் கூடினால் விறைப்பு ஏறக்குறைய 46 சதவீதம் ஏறும். எட்டுச் சுற்றில் இரண்டை அறுத்தெறிந்தால் மூன்றில் ஒரு பங்கு கூடும். காரைத் தாழ்த்த ஸ்பிரிங்கை அறுப்பவர்கள் கண்ட குறுக்குவழி இதுதான், 10 செ.மீ. உயர வேகத்தடையில் அடிவயிறு உரசும்போதுதான் விலை தெரியும். வளையம் கூட்டுவது முன்னழுத்தத்தை. ஆள் ஏறியதும் வண்டி உட்காரும். உட்கார்ந்த அளவுக்குப் பள்ளத்தில் அமுங்க மிச்சம் குறையும். அந்த மிச்சத்தைத்தான் வளையம் மீட்டுத் தருகிறது. செஞ்சிக் கோட்டையும் அப்படித்தான்: 1690 முதல் 1698 வரை முகலாயப் படை சூழ்ந்து நின்றும் அதன் ராஜகிரி மலையின் சுவர் ஓரங்குலம்கூடத் தடிக்கவில்லை. விட்டுக்கொடுக்கும் எல்லை மட்டும் தள்ளிப்போனது. இதை முன்னழுத்தம் என்று குறித்துவைக்காதது வரலாற்றாசிரியர்களின் குறையே.

சட்டத்தைக் காட்டி மறுப்பாரும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதைக் கண்டிப்பது மெய். ஆனால் வளையத்தை வைத்ததே கம்பெனிக்காரர்.

இதைவிட வலுவான மறுப்பு எண்ணெய் பற்றியது. ஸ்பிரிங் வாங்கிய அடியைச் சேமித்துத் திருப்பித் தருவது. அதை வெப்பமாக்கித் தீர்ப்பது உள்ளேயிருக்கும் எண்ணெய். ஷாக்கில் எண்ணெய் கசிந்து, தண்டில் கருப்பாய்த் தூசி ஒட்டியிருந்தால் ஐந்தாம் படியும் உதவாது. பின் சீட்டை அழுத்தி விட்டுப் பார்க்க வேண்டும்: ஒருமுறை எழும்பி அடங்கினால் நலம், ஊஞ்சலாடினால் எண்ணெய் போயிற்று. இம்மறுப்பை ஏற்கிறேன். கையில் இருக்கும் சொற்பப் பணம் போக வேண்டிய இடம் புது ஸ்பிரிங் அல்ல, ஷாக், அதுவும் ஜோடியாக. ஒன்றை மட்டும் மாற்றினால் ஒரு பக்கம் உழைக்கும், மறுபக்கம் வேடிக்கை பார்க்கும்.

மிஞ்சுவது சிவப்பு ஸ்பிரிங் கட்சி. சிவப்பு பெயிண்ட் அடித்த ஸ்பிரிங் மாட்டிய வண்டி நன்றாக அமுங்கி எழுகிறது என்பது இளைஞர்களிடையே உறுதியான நம்பிக்கை. விறைப்பின் சூத்திரத்தில் எஃகின் தன்மை, கம்பித் தடிமன், சுருளின் விட்டம், சுற்றின் எண்ணிக்கை ஆகிய நான்குமே உள்ளன, நிறத்துக்கு இடமில்லை. ஆயினும் சிவப்பு மாட்டியவர்கள் வண்டியை அடிக்கடி கழுவுகிறார்கள். வளையத்தின் சேறு அதனால் கரைகிறது என்பதை இக்கட்டுரை மறைக்கவில்லை.