கார் திக்கல் நிதானம்

நோயின் காரணத்தை ஆராயும் பகுதிக்கு ஆயுர்வேத நூலார் நிதானம் என்று பெயரிட்டார்கள். மாதவர் என்பவர் செய்த நோயியல் நூலும் அப்பெயராலேயே வழங்கி வருகிறது. விரைவையே பயனாகக் கொண்டு பிறந்த ஒரு யந்திரத்தின் பிணியை ஆராயப் புகுந்த நானும் அந்தச் சொல்லையே கடன் வாங்கியிருப்பது சாஸ்திர மரபு கருதி மட்டுமன்று; என் கார் ஹாலிஎலயிலிருந்து பண்டாரவளைக்குப் போய்ச் சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கருதியும் ஆகும். மனிதரின் திக்குவாயைப் பற்றி வைத்தியர்கள் பலபட எழுதியிருக்க, மோட்டார் வாகனத்தின் திக்குவாயைப் பற்றித் தமிழில் ஒரு பாயிரங்கூட என் கண்ணிற் படாமையால், பென்ஷன் வாங்கும் பள்ளி ஆசிரியனாகிய எனக்கு இத்துணிவு உண்டாயிற்று.

ஆராய்ச்சிக்கு உட்பட்ட பொருள், 1959ஆம் ஆண்டில் பிறந்த மொறிஸ் மைனர் 1000 ஒன்று. அலெக் இஸிகோனிஸ் என்பார் வகுக்க, 1948இல் உலகத்தாருக்கு அறிமுகமாகிய இவ்வினம், பதினாறு லட்சத்துக்கு மேற்பட்ட உருப்படிகளாகப் பெருகி, 1971இல் உற்பத்தி ஒழிந்தது. ஒழிந்த செய்தி இலங்கைக்கு இன்னும் சரியாக வந்து சேரவில்லை. இங்கிலாந்தில் ஓடும் மைனர்களுக்கு வேண்டிய தகட்டுப் பாகங்களை இந்நாட்டிலேயே அடித்துக் கப்பலேற்றிய காலமும் உண்டு என்றால், தாய்வீடு எது, புக்ககம் எது என்று துணிவது எளிதன்று. என் காரின் எஞ்சினுடைய கொள்ளளவு 948 கன சென்ரிமீற்றர். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தைப் புரட்டி, நோயையும் அதன் மூலத்தையும் அதனைத் தணிக்கும் வழியையும் முறையே ஆராயச் சொல்லும் குறளின் இலக்கம் யாதென்று பார்த்தால், அதுவும் 948. இதனைத் தற்செயல் என்று தள்ளுவோர் தள்ளுக. 1962இல் அதே காருக்கு 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சினைப் பொருத்தினார்கள். அவ்விலக்கத்துக் குறளோ காமத்துப்பாலில் குறிப்பறிதல் அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே போய்க் காருக்கு மருந்து தேடுவது என் வயதுக்கு ஒவ்வாது. ஆகையால் பழைய எஞ்சின் வாய்த்ததை ஒரு பாக்கியமாகவே கருதுகிறேன்.

இனி நோயின் லட்சணம். பவணந்தி முனிவர் நன்னூலில் சூத்திரங்கள் கிடக்கும் நிலையை ஆற்றொழுக்கு, அரிமா நோக்கு, தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என நான்காக வகுத்தார். அவர் கார் ஓட்டியவர் அல்லர். ஆயினும் வெலிமடை றோட்டும் பண்டாரவளை றோட்டும் வந்து கூடும் ஹாலிஎலச் சந்தியிலிருந்து என்னோடு ஒரு நாள் ஏறி வந்திருந்தால், அவ்வகுப்பில் ஓர் எழுத்தையும் மாற்றியிருக்க மாட்டார். கடைத்தெருவைத் தாண்டும்வரை வண்டி ஆற்றொழுக்காகவே செல்லும். உடுவரைப் பக்கம் ஏற்றம் பிடித்து, எக்சலேட்டரை ஒரு விரற்கடை கூடுதலாக அழுத்திய மாத்திரத்தில் தவளைப் பாய்த்து ஆரம்பமாகும்: ஒரு முழம் பாயும், பாய்ந்த குற்றத்துக்கு வருந்துவது போல் தயங்கும், மறுபடி பாயும், பின் ஆசனத்தில் வைத்த தேங்காய் முன் ஆசனத்துக்கு வரும். பின்னால் நெருங்கிய பஸ்ஸின் ஹோர்ன் காதைப் பிளக்க, முன்னே ஏறுவதா பின்னே வழுக்குவதா என்று இருபுறமும் பார்த்து நிற்கும் நிலையே அரிமா நோக்கு. பருந்தின் வீழ்வு, பிரயாணத்தைக் கைவிட்டு வண்டியைத் திருப்பி இறங்கி வருகையில் கைகூடுவது. அந்த இறக்கத்தில் மட்டும் அக்காரின் மீது ஒரு குற்றமும் சொல்ல இயலாது.

மருந்து அதிகாரம் வாதம், பித்தம், சிலேத்துமம் என்னும் மூன்றின் மிகுதியிலும் குறைவிலும் நோயை வைத்துத்தான் தொடங்குகிறது. எஞ்சினுக்குக் காற்றே வாதம், பிளக்கில் எழும் பொறியே பித்தம், பெற்றோல் சிலேத்துமம். இப்பாகுபாட்டை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் ஏறினால் காற்று ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு மெலிந்துவிடும்; கொழும்பிலே சீர்பார்த்த காபரேட்டர், 1,200 மீற்றர் உயரத்துப் பண்டாரவளையை அடையும்போது காற்றுக் குறைந்து பெற்றோல் மிகுந்த சிலேத்தும தேகியாகிக் கரும்புகை கக்கத் தலைப்படும். மலையிற் புகை கண்டு அங்கே நெருப்புண்டு என்று அநுமானிப்பது தர்க்க நூலாரின் முதற் பாடம். ஊவா மலைகளில் மானாப்புல் எரியும் கோடை மாதங்களில் அவ்வநுமானம் இன்றும் பொய்ப்பதில்லை. காரின் பின்குழாயில் கரும்புகை கண்டவனோ, நெருப்பின் இருப்பையன்றி அதன் போதாமையையே அநுமானிக்க வேண்டியவனாகிறான். தர்க்க சங்கிரகத்துக்கு மறுபதிப்பு வருமானால் இந்த விதிவிலக்கைச் சேர்த்துக்கொள்வது நலம்.

கண்ணாரக் காண்பதாகிய பிரத்தியட்சத்தோடும் அநுமானத்தோடும் ஒரு பிரமாணமாகச் சேர்த்துச் சொல்லப்படுவது ஆப்த வாக்கியம், அதாவது நம்பத்தக்க பெரியோர் சொல். றோட்டோரத்தில் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பவனுக்கு உலகில் கிடைக்காத பொருள்கள் பல உண்டு. ஆப்த வாக்கியம் அவற்றுள் ஒன்றன்று. ஓய்வு பெற்ற டீ மேக்கர் ஒருவர் எஞ்சினை நோக்கி மூக்கை உறிஞ்சிவிட்டு, காற்றில் ஈரம் கூடிப்போயிற்று, வாட்டம் பிடிக்காத கொழுந்து ரோலருக்குள் திணறுவதும் இதுவும் ஒன்றே என்றார். கொழுந்து லொறிச் சாரதி, பெற்றோலில் குப்பை என்றார். அவருடைய லொறி அதற்கு முந்திய வாரம் குப்பையால் நின்றிருந்தது. முச்சக்கர வண்டிக்காரத் தம்பி எதையும் பார்க்கவில்லை. "ஜப்பான் எஞ்சின் ஒன்னு போட்டுருங்க சேர்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டான். ஒவ்வொருவரும் தத்தம் தொழிலையே என் காருக்குள் கண்டார்கள். நானும் அப்படியே, யாப்பிலக்கணம் படிப்பித்தவனாதலால், அது தளை தட்டுவதாகவே எனக்குத் தோன்றிற்று.

எனினும் லொறிச் சாரதியின் கட்சியைச் சரித்திரம் ஓரளவு ஆதரித்தது. 2022இல் நாடு பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது, கியூஆர் அட்டையைக் காட்டிக் காருக்கு வாரம் இருபது லீற்றர் என்று வாங்கிய நாள்களில், டாங்கின் அடிமட்டம்வரை வற்றவிட்டு ஓடாத வண்டி இல்லை. கானிலும் போத்தலிலும் பதுக்கி வைத்து மீண்டும் ஊற்றாத வீடும் அரிது. அறுபதாண்டுத் துரு அடியிற் கிடக்கும் ஒரு டாங்கை அடிமட்டம்வரை உறிஞ்சுவது, கிணற்றைக் கலக்கிவிட்டுத் தண்ணீர் அள்ளுவதற்குச் சமானம். ஆகவே சிலேத்துமத்திலிருந்தே சிகிச்சை தொடங்கப்பட்டது. காபரேட்டரின் மிதவைக் கிண்ணத்தைக் கழற்றியபோது காப்பிச் சக்கை போன்ற வண்டல் ஒரு தேக்கரண்டி கிடைத்தது, ஆராய்ச்சி முடிந்தது என்று மகிழ்ந்து கழுவிப் பூட்டி ஏறினேன், உடுவரையில் திக்கிற்று. டாங்க் மூடியிலுள்ள சுவாசத் துளை அடைபட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெற்றோல் வரமறுக்கும் என்பது பலரறியாத உண்மை. மூடியைத் திறக்கையில் உஸ்ஸென்று ஒரு பெருமூச்சுக் கேட்டால் நோய் அதுவே. திறந்தேன், மூச்சும் இல்லை, பேச்சும் இல்லை. மைனரில் எஞ்சினுக்குப் பின்சுவரில் பொருத்தியிருக்கும் மின்பம்ப் டிக் டிக் என்று நாடி பேசும்; ஓய்ந்து ஓய்ந்து அடித்தால் சுகம், படபடவென்று அடித்தால் எங்கோ காற்று உட்புகுகிறது அல்லது பெற்றோல் தீர்ந்துவிட்டது என்று பொருள். நள்ளிரவில் காதை வைத்துக் கேட்டேன். என் நாடியைவிட அது ஒழுங்காகவே அடித்தது. காபரேட்டரின் தலையில் உள்ள குழலில் எண்ணெய் வற்றினாலும் எக்சலேட்டரை அழுத்தியதும் தயக்கம் தோன்றும். அங்கும் எண்ணெய் வார்த்தாயிற்று.

தெமோதரையில் ரயில் பாதை மலையைச் சுற்றி வந்து தன் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைகிறது. 1924இல் பதுளைவரை ரயில் விட்டவர்கள் அந்தச் சுற்றினால் உயரத்தைச் சமாளித்தார்கள். என் ஆராய்ச்சியும் பிளக், பொயின்ட், கொன்டென்சர், கொயில் என்று ஒவ்வொன்றாகப் புதுப்பித்து, மூன்று வாரம் சுற்றி, முன்னிருந்த இடத்துக்கு நேர் கீழே வந்து நின்றது. வேறுபாடு, அவர்களுக்கு உயரம் கிடைத்தது, எனக்குக் கடன் கிடைத்தது. புதிய பாகங்களால் நோய் தீரவில்லை என்பதோடு, பழையவை குற்றமற்றவை என்றும் தெரிந்தபடியால், அவற்றை வீசவும் மனம் வரவில்லை.

கடைசியாக ஹாலிஎலயில் கராஜ் வைத்திருக்கும் ஒரு பாஸிடம் வண்டியைச் சேர்த்தேன். மற்ற எவரும் கேளாத கேள்வி ஒன்றை அவர் கேட்டார்: "சேர், நின்ன எடத்துல திக்குதா, ஓடுறப்ப மட்டுந்தானா?"

ஓடும்போது மட்டும்தான் என்றேன். அதுவும் காலை அசைக்கும் கணத்தில். டாக்குத்தரின் வாசலை மிதித்ததும் காய்ச்சல் விட்டுப்போகும் பிள்ளையைப் போல, கராஜில் நிறுத்தி எத்தனை நேரம் ஓட்டினாலும் என் கார் குற்றமற்றதாகவே நடித்து வந்திருந்தது. பாஸ் தலையை ஆட்டினார். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, பொயின்ட் மூடியிருக்கும் நிலையில் எஞ்சினை நிறுத்தி, ஒரு சிறு பல்பின் ஒரு முனையை பெற்றரியிலும் மறுமுனையை டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்து ஆணியிலும் தொடுத்தார், பல்பு எரிந்தது. பின்பு காபரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய குழாயைக் காபரேட்டர்ப் பக்கத்தில் கழற்றி, அதன் நுனியை வாயில் வைத்து, செவ்விளநீர் குடிப்பவரைப் போல மெல்ல உறிஞ்சினார். உள்ளே பொயின்ட் பூட்டிய தட்டு ஒரு நெல்லளவு திரும்பிற்று. பல்பு அணைந்தது. வாயை எடுத்தார், எரிந்தது. மறுபடி உறிஞ்சினார், அணைந்தது. அதனைக் கண்ட நான், பிரத்தியட்சப் பிரமாணம் என்று இத்தனை காலம் எதைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று நாணினேன்.

காரணம் இது. எக்சலேட்டரை மிதிப்பதற்கும் விடுவதற்கும் ஏற்ப எஞ்சினின் உறிஞ்சுதல் மாறும். அம்மாற்றத்தை அந்தக் குழாய் கொண்டுபோய்த் தட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பொறி எழும் காலத்தைச் சீர்செய்யும். எஞ்சின் சும்மா ஓடுகையில் குழாயில் உறிஞ்சுதல் இல்லை, தட்டு அசையாது. அத்தட்டோடு சேர்ந்து ஆடி ஆடி, ஆணியிலிருந்து பொயின்டுக்குப் போகும் மூன்றங்குலக் கம்பியின் உட்செம்பு முறிந்துபோயிருந்தது. மேலுறை மட்டும் முழுமையாக இருந்தமையால், பார்த்த கண்ணுக்கெல்லாம் அது பத்தினியாகவே தோன்றிற்று. தட்டு ஒரு பக்கம் நின்றால் முறிந்த நுனிகள் முத்தமிடும். மறுபக்கம் திரும்பினால் பிரியும். பிரியுந்தோறும் பொறி இல்லை. பொறி இல்லாதோறும் கார் தயங்கும். நோய் பித்தத்தில் இருக்க, முதலில் சிலேத்துமத்துக்கு மருந்து கொடுத்த வைத்தியன் நானே. பொயின்டை மாற்றியபோது அந்தக் கம்பியை நகத்தால் ஒதுக்கிவிட்டு வேலை செய்தவனும் நானே.

நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பணி செய்பவன் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள் கூறும். நோயாளி கார், வைத்தியர் பாஸ், மருந்து, பழைய ரேடியோ ஒன்றின் வயிற்றிலிருந்து அவர் வெட்டியெடுத்த மெல்லிழைக் கம்பி. நான்காவது உறுப்பினர், உடுவரை வளைவில் மூன்று முறை வண்டியைத் தள்ளிவிட்ட தோட்டத்துப் பிள்ளைகள். அவர்களுக்கு ஆளுக்கொரு பனிஸ் வாங்கிக் கொடுத்தேன். கம்பிக்குக் காசு வேண்டாமென்று பாஸ் சொன்னார். அரைமணி நேரக் கூலியையும் ஒரு பிளேன்டீயையும் மட்டும் ஏற்றுக்கொண்டார்.

நின்ற இடத்தில் நன்றாகவும் ஓடும்போது திக்கியும் வருகின்ற பழைய கார் உடையவர்கள், காபரேட்டரைக் கழற்றுமுன் அந்த மெல்லிய குழாயைக் காபரேட்டர்ப் பக்கத்தில் உருவி, உருவிய துளையை ஒரு தீக்குச்சி முனையால் அடைத்து, ஒரேயொரு தடவை ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். திக்கல் நின்றுவிட்டால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து அந்தக் கம்பியை விரலால் வளைத்துப் பார்க்கவும்.