சுழி பாத்துத் துப்பாக்கி வாங்குற மருமவனுக்கு

மருமவனே, இடுப்புல சொருகுறதுக்குப் பிஸ்டல் வாங்கப் போறியாமே? கேள்விப்பட்டேன். டெக்சஸ்ல 2021 செப்டம்பர்ல இருந்து, சட்டம் தடுக்காத 21 வயசு ஆள் எவனும் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியோட நடமாடலாம். பக்கத்து வீட்டுக்காரன் வச்சிருக்கான், எதுத்த வீட்டுக்காரன் வச்சிருக்கான், நான் மட்டும் வெறும் இடுப்போட அலையவான்னு கேக்கியாம். கேளு, கேளு. இட்லி மாவு வாங்கக்கூட ஏ.சி. காருல போற ஊரு. வழியில என்ன, புலியா மறிக்கப் போகுது? சரி, மறிச்சாலும் மறிக்கும். எனக்கெதுக்கு வம்பு?

ஆனா வாங்குனியான்னா, அதுவும் இல்ல. மாசக்கணக்கா ஒரே ஆராய்ச்சி. டிரிக்கர் லேசா, கனமா? கட்டைவிரல் சேஃப்டி இருக்கணுமா, கூடாதா? இழுத்தா டிரிக்கர் கண்ணாடிக் குச்சி ஒடியுத மாதிரி ஒடியணும்னு எவனோ சொல்லிட்டானாம். நீயும் ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து வீடியோ பாக்குதியாம். ஏல, உன் ஆயுசுல நீ எத்தனை கண்ணாடிக் குச்சிய ஒடிச்சிருக்க?

எங்க ஊரு மாட்டுச் சந்தையில இப்பிடித்தான். புதுசா மாடு புடிக்க வந்தவன் சுழி பாப்பான். நெத்தியில எத்தனை சுழி, முதுகுல எங்க சுழி, எது ராசி, எது தரித்திரம். தரகன் துண்டுக்குள்ள கைய விட்டு வெரலப் புடிச்சு வெலைய முடிக்கிற வரைக்கும் சுழிய விட்டுக் கண்ணெடுக்க மாட்டான். மாடு ஏர்ல நடக்குமா, படுத்துக்கிடுமான்னு ஒரு நடை நடத்திப் பாக்கத் தோணாது. நீயும் அந்த ரகந்தான்.

நான் பட்டாளத்துல ஆர்மரர் சோலி பாத்தவன். இஷாப்பூர் ஃபேக்டரி 9 எம்.எம். பிஸ்டலப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டுன கை இது. இப்ப டாலஸ் பக்கம் மவ வீட்டுல பேரப்பிள்ளைகளுக்குக் காவல் கெடக்கேன். அதனால நாலு வார்த்தை சொன்னா தப்பில்ல.

வெவரம் ரொம்பச் சின்னது. வெடிக்கணும்னு நெனைக்கையில வெடிக்கணும். நெனைக்காதப்ப வெடிக்கப்படாது. ரெண்டாவதுக்கு ஒரு தடை வேணும். அந்தத் தடைய ஒருத்தன் டிரிக்கரோட கனத்துல வச்சான், ஒருத்தன் கட்டைவிரலுக்குப் பக்கத்துல நெம்புகோலா வச்சான், இன்னொருத்தன் உறையிலயும் உன் வெரலுலயும் விட்டுட்டான். இதுக்குத்தான் இந்த ஊருல வெட்டுக்குத்து இல்லாத சாதிச் சண்டை.

மொதல்ல கோல்ட் 1911. ஜான் மோசஸ் ப்ரௌனிங் செஞ்சது. மேதைதான், சந்தேகமே வேண்டாம். 1911ல அமெரிக்கப் பட்டாளம் எடுத்துச்சு, 1985 வரைக்கும் விடல. சுத்திய மேல ஏத்தி வச்சுத்தான் இதச் சுடணும். டிரிக்கர் லேசு, 4, 5 பவுண்டு இருந்தாப் போதும், ஓட்டமும் கம்மி. 1910ல ப்ரௌனிங் காட்டுன மாதிரியில கட்டைவிரல் சேஃப்டியே கெடையாது. குதிரைப்படைக்காரன் கேட்டுத்தான் அது வந்துச்சு. ஒரு கையில கடிவாளம், மறு கையில சுத்தி ஏத்துன துப்பாக்கி, குதிரை மிரளுது. என்ன செய்வான்? அவன் கேட்டதுல ஞாயம் இருக்கு. நீ எந்தக் குதிரையில போற மருமவனே? டெஸ்லாவுல.

இத வச்சிருக்கிறவன் சுத்திய ஏத்தி, சேஃப்டியப் போட்டு இடுப்புல வைப்பான். பாக்கிறவனுக்குக் குலை நடுங்கும். நடுங்க ஒண்ணுமில்ல, அது அப்பிடி வைக்கிறதுக்குன்னே செஞ்ச பொருள். ஆனா உருவுத நேரத்துல கட்டைவிரல் தானாப் போயி நெம்புகோலக் கீழ தட்டணும். யோசிச்சுத் தட்டுறவனுக்கு அது வெறும் இரும்பு. ஆயிரந்தடவ வெறுமனே உருவிப் பழகுவியா? ஜிம்முக்குப் பணங்கட்டிட்டு மூணாம் நாளோட நின்னவந்தான நீ?

1985ல பட்டாளம் பெரேட்டாவுக்கு மாறுச்சு. அதுக்கு மொத இழுவை கனம். அந்த ஒரே இழுவையில சுத்தி ஏறி எறங்கும். ரெண்டாவதுல இருந்து லேசு. அவசரத்துல கை தெரியாமப் படுற மொதக் குண்டுக்குக் காவல் கனம், மத்ததெல்லாம் சுளுவு. நல்ல யோசனைதான். ஆனா ஒரு வில்லங்கம் உண்டு. கோல்ட் 1911 பிஸ்டல்ல நெம்புகோலக் கீழ தள்ளுனா சுடும். பெரேட்டாவுல கீழ தள்ளுனா பூட்டிக்கிடும், மேல தள்ளுனாத்தான் சுடும். ரெண்டும் நேரெதிர்.

இது தெரியாம இங்க ஒரு கூட்டம் அலையுது. திங்கக்கெழமை ஒரு துப்பாக்கி, கல்யாண வீட்டுக்கு ஒரு துப்பாக்கி, கோயிலுக்குப் பட்டு வேட்டிக்குத் தோதா வெள்ளிப் புடி போட்டது ஒண்ணு. திருடன் வந்து கத்திய நீட்டுதான்னு வையி. "அண்ணாச்சி, செத்த பொறுங்க, இன்னைக்குச் செவ்வாயா புதனா"ன்னு அவன்ட்டயா கேப்ப? எதையாவது ஒண்ணை வாங்கு, சாகுற வரைக்கும் அதையே வச்சுக்க.

அடுத்தது க்ளாக். ஆஸ்திரியாவுல காஸ்டன் க்ளாக்னு ஒரு ஆளு, அதுக்கு முன்னால திரைச்சீலைக் கம்பி செஞ்சு வித்துக்கிட்டிருந்தவரு. துப்பாக்கி செஞ்ச பழக்கம் கெடையாது. பழக்கமில்லாதவனுக்குத்தான் புதுசாத் தோணும்போல. 1982ல அந்த நாட்டுப் பட்டாளமே அவரு பிஸ்டல எடுத்துச்சு. கட்டைவிரல் சேஃப்டி கெடையாது. டிரிக்கர் நடுவுல ஒரு சின்னத் தகடு, உள்ளுக்குள்ள ரெண்டு தடை, அம்புட்டுத்தான். 5.5 பவுண்டு இழுவை, மொதக் குண்டுக்கும் கடைசிக் குண்டுக்கும் ஒரே கனம். யோசிக்க ஒண்ணுமில்ல, இழுத்தாச் சுடும். ஆபத்தும் அதேதான் மருமவனே. எது இழுத்தாலும் சுடும். வெரல் இழுத்தாலும் சுடும், சட்டை நுனி மாட்டி இழுத்தாலும் சுடும். அதப் பிரிச்சுத் தொடைக்கணும்னாலும் மொதல்ல டிரிக்கர இழுக்கணும். மேகசினக் கழட்டியாச்சே, காலியாத்தான இருக்குன்னு இழுத்து வீட்டுச் சுவத்துல ஓட்டை போட்டவன் எத்தனை பேரு! சேம்பருக்குள்ள ஒண்ணு சத்தமில்லாம உக்காந்திருக்கும்.

லேசா இருந்தா ஆபத்து, கனமாக்கிப்புட்டா? அதையும் நியூயார்க் போலீஸ் செஞ்சு பாத்துச்சு. 12 பவுண்டு டிரிக்கர் போட்டுக் குடுத்தாங்க. 2012 ஆகஸ்ட்ல எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளிய, கொலைகாரன் ஒருத்தன ரெண்டு போலீஸ்காரங்க 16 குண்டு சுட்டு வீழ்த்துனாங்க. தெருவுல போன 9 பேருக்குக் காயம், எல்லாம் போலீஸ் குண்டும் அதோட தெறிப்பும். டிரிக்கர் கனத்துல கை ஆடிப்போச்சுன்னு ஒரு கட்சி, பழக்கம் பத்தலன்னு ஒரு கட்சி. எனக்கு ரெண்டாவது கட்சி. 12 பவுண்டு இழுத்துச் சுடணும்னா அதுக்கேத்த மாதிரி தோட்டாவச் செலவழிச்சுப் பழகணும். வருசத்துக்கு ரெண்டு தடவ சுட்டுட்டு வந்தா, டிரிக்கர் எந்தக் கனமா இருந்தா என்ன?

இப்ப உறைக்கு வாரேன். இதப் பத்தி ஒருத்தனும் வீடியோ போட மாட்டான், போட்டாலும் நீ பாக்க மாட்ட. 2008 பிப்ரவரியில சூப்பர் பௌல் பந்தயத்துல ஜெயிப்புப் பந்தப் புடிச்சவன் ப்ளாக்ஸிகோ பர்ரஸ். ஊரே தோள்ல தூக்காத கொறை. அதே வருசம் நவம்பர்ல நியூயார்க்குல ஒரு நைட் கிளப்புக்குப் போனான். எலாஸ்டிக் வச்ச தொளதொளக் கால்சட்டை, அதுக்குள்ள க்ளாக், உறை கெடையாது. துப்பாக்கி நழுவிக் கால் வழியா எறங்குச்சு. பந்து புடிச்ச கை சும்மா இருக்குமா? பாஞ்சு புடிச்சான், டிரிக்கரும் சேந்து கையில வந்துச்சு. தொடையில குண்டு. அந்த ஊருல செல்லுபடியாகிற லைசென்சும் இல்ல. ரெண்டு வருசம் தண்டனை. கோடிக்கணக்குல சம்பளம் வாங்குனவன், ஒரு உறைக்குக் காசு போடல.

சேஃப்டி இருந்திருந்தாத் தப்பிச்சிருப்பானேம்ப. தப்பிச்சிருக்கலாம், போட்டிருந்தா. உறையில்லாமக் கெளம்புதவன் சேஃப்டிய மட்டும் நெனப்பா போட்டிருப்பானா?

சேஃப்டி விசயத்துல அமெரிக்கப் பட்டாளத்துக்கு ஒரு மனசு, கடைக்கு ஒரு மனசு. 2017 ஜனவரியில சிக் பி320 வகையப் புதுப் பிஸ்டலா எடுத்தப்ப, கட்டைவிரல் சேஃப்டி கட்டாயம்னு கேட்டு வாங்குனாங்க. கடையில பொதுசனத்துக்கு வித்த அதே வகையில முக்காவாசிக்கு அது இல்ல. அந்த வருசம் ஆகஸ்ட்ல, ஒரு கோணத்துல கீழ விழுந்தா அந்தப் பிஸ்டல் வெடிக்குதுன்னு வெளிய வந்துச்சு. இலவசமா மாத்தித் தாரோம்னு கம்பெனியே அறிவிச்சுது. டிரிக்கர் சுகம், சேஃப்டி சுகம்னு தடவிப் பாத்து வாங்குன கூட்டத்துல, "கீழ போட்டா என்ன ஆகும்"னு எத்தனை பேரு கேட்டிருப்பான்?

மறுபடி உறைக்கே வாரேன். உருவுறதுல இருக்கிற வேகம் திருப்பிச் சொருகுறதுல வேண்டாம். சொருகுத நேரந்தான் சட்டை நுனியும் ஜாக்கெட் கயிறும் உள்ள பூந்து டிரிக்கர இழுக்கும். அதுவும் நீங்கள்லாம் இப்ப தொப்புளுக்குக் கீழ முன்பக்கமா வச்சுக்கிடுதீக. குழல் எங்க பாத்துக்கிட்டு இருக்குன்னு ஒரு தடவையாவது குனிஞ்சு பாத்தியா? உனக்கு இன்னும் கல்யாணம் ஆகல மருமவனே. உங்க அம்மை பேரன் பேரன்னு தவங்கெடக்கா.

பேரன்னு சொன்னதும் இன்னொண்ணு. 2014 டிசம்பர்ல ஐடஹோ மாநிலத்துல ஹேடன்ங்கிற ஊரு வால்மார்ட்டுல, ரெண்டு வயசுப் பிள்ளை தாயோட கைப்பைக்குள்ள கைய விட்டுச்சு. துப்பாக்கி வைக்கன்னே தனி அறை வச்சுத் தச்ச பை. தாய் அங்கேயே போயிட்டா. வீட்டுக்குப் பிள்ளைக வந்து போகும்னா, இடுப்புல இல்லாத நேரம் பூட்டுன பெட்டிக்குள்ள கெடக்கணும். இதுல மட்டும் எனக்குக் கேலி கெடையாது.

எதைத்தான் வாங்கன்னு கேக்கியா? மறதிக்காரன், சோம்பேறி, ஆனா கைப்புடி வலுவா இருக்குன்னா, சுத்தி வெளிய தெரியாத 5 குண்டு ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வர். டிரிக்கர் கனம், ஓட்டமும் நீளம், மறக்கிறதுக்கு நெம்பே கெடையாது. குறி வைக்கத்தான் கஷ்டம், பழகு. தெனமும் பழகுவேன்னு நெசமாவே உறுதியிருந்தா நெம்பு வச்சது வாங்கு. நடுவுல நிக்கிறவன் க்ளாக் வகை வாங்கலாம், ஆனா டிரிக்கர முழுசா மூடுற கெட்டி உறைய மொதல்ல வாங்கிப்புடணும். வாங்குன கையோட 3.5 பவுண்டுக்குக் கொறைக்கேன், தட்டை டிரிக்கர் போடுதேன், தங்க முலாம் பூசுதேன்னு எறங்காத. ஒரு நாளு எசகுபிசகா ஏதாவது ஆகி நீ கோர்ட்டுல நின்னா, எதிர்க்கட்சி வக்கீலு அந்தத் தங்கத்தத்தான் மொதல்ல தூக்கிக் காட்டுவான்.

ஆமா, கடைசியா ஒண்ணு, மொதல்லயே கேட்டிருக்கணும். உனக்கு கிரீன் கார்டு வந்துட்டா? இன்னும் எச்-1பி விசாதானாமே. அப்பன்னா பெடரல் சட்டப்படி நீ துப்பாக்கிய வாங்கவும் கூடாது, வச்சுக்கிடவும் கூடாது. வேட்டை லைசென்ஸ் எடுத்தவனுக்குன்னு சில விதிவிலக்கு இருக்கு, அவ்வளவுதான். கடையில நீட்டுற 4473ங்கிற படிவத்துல இந்தக் கேள்விய அச்சடிச்சே வச்சிருக்கான். பொய் எழுதுனா ஜெயிலு. டிரிக்கர அப்புறம் பாக்கலாம். போயி ஒரு வக்கீலப் பாரு.